‘தி ஹேட் யு கிவ்’ நாவலைப் பிள்ளைகளோடு ஆறு வாரம் படிக்க: எப்படிப் பிரிப்பது, எதில் சறுக்கும்?

கயல்விழி:
வணக்கம். ஆஞ்ஜி தாமஸின் ‘தி ஹேட் யு கிவ்’ நாவலை 15, 16 வயதுத் தமிழ்ப் பிள்ளைகள் பன்னிரண்டு பேரோடு வாசிக்கத் திட்டம். தன் நண்பன் கலீலைக் காவல் அதிகாரி சுட்டுக் கொல்வதைப் பார்த்த ஸ்டார் என்ற கறுப்பினப் பெண்ணின் கதை அது. பிள்ளைகள் நியூ ஜெர்சியில் பள்ளியில் படிப்பவர்கள். வாசிப்பு ஆங்கிலத்தில், பேச்சு தமிழும் ஆங்கிலமும் கலந்து. ஆறு வாரம், வாரம் இரண்டு அமர்வு, ஒவ்வொன்றும் 75 நிமிடம். நாவல் 26 அத்தியாயம், சுமார் 440 பக்கம். எங்கே வெட்டிப் பிரிப்பது, கிராண்ட் ஜூரி (வழக்குத் தொடரலாமா என்று பார்க்கும் குழு) பகுதியை எப்படி விளக்குவது, கடைசியில் என்ன கட்டுரை எழுதச் சொல்வது, இந்த மூன்றுக்கும் அனுபவமுள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

செந்தில்நாதன்:
வாரத்துக்கு 75 பக்கம் வரும். ஐந்து நாள் வாசிப்பு என்றால் நாளுக்கு 15 பக்கம். அந்த வயதுக்கு இது அதிகமில்லை. ஆனால் பக்கக் கணக்கில் சமமாக வெட்டாதீர்கள். நாவல் ஐந்து பகுதியாக இருக்கிறது. கொலை நடக்கும் நேரத்தில் தொடங்கி, ஐந்து வாரம் கழித்து, எட்டு, பத்து, கடைசியாகப் பதின்மூன்று வாரம் கழித்து என்று நகரும். இதில் முதல் பகுதி மட்டுமே புத்தகத்தில் பாதியைத் தாண்டும். முதல் மூன்று வாரத்தையும் அதற்கே கொடுங்கள். பகுதிகளை வாரத்துக்கு ஒன்றாக வைத்தால் முதல் வாரமே பிள்ளைகள் மூச்சுத் திணறிப் போவார்கள். நடுவில் உள்ள குட்டிப் பகுதிகளிலோ பேச ஒன்றும் மிஞ்சாது.

பலர் கோட்டை விடும் இடம் ஒன்று இருக்கிறது. கலீல் சுடப்படுவது 2ஆம் அத்தியாயத்தில். மிச்சம் 24 அத்தியாயம் எதற்கு என்ற கேள்வியைப் பிள்ளைகள் முன் முதலிலேயே வையுங்கள். இது ஒரு சாட்சியைப் பற்றிய நாவல். நடந்ததைப் பார்த்தவள் ஸ்டார் கார்ட்டர் ஒருத்திதான். அதை அவள் யாரிடம் சொல்கிறாள், எப்போது சொல்கிறாள், யார் அதைத் திருப்பிச் சொல்கிறார்கள் என்பதுதான் கதை. இந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டால் ஆறு வாரமும் சிதறாது. ‘இனவெறி’ என்ற தலைப்பைப் பிடித்துக்கொண்டு போனால் மூன்றாம் வாரத்தில் எல்லாரும் சொன்னதையே சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

நடைமுறையில் இப்படிச் செய்யலாம். 2ஆம் அத்தியாயத்தில் கார் நிறுத்தப்படுவதிலிருந்து கடைசி வரைக்கும் வகுப்பிலேயே மெதுவாக வாசியுங்கள். ஒவ்வொருவரும் ஒரு தாளை மூன்று பத்தியாகப் பிரிக்கட்டும்: அதிகாரி சொன்னது, கலீல் செய்தது, அந்த நொடியில் ஸ்டார் பார்த்தது. ஸ்டார் பார்க்காததை எழுதக் கூடாது. இது கண்டிப்பான விதி. இந்தத் தாளை எல்லாரும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும், ஏனென்றால் அதே நிகழ்ச்சி நாவலில் திரும்பத் திரும்ப வேறு வாயால் சொல்லப்படும். துப்பறியும் அதிகாரிகளின் விசாரணை, சுட்ட அதிகாரியின் தந்தை தரும் தொலைக்காட்சிப் பேட்டி, ஸ்டார் தானே தரும் பேட்டி, கிராண்ட் ஜூரி, கடைசியில் போராட்டத்தில் தெருவில் நின்று ஸ்டார் ஒலிபெருக்கியில் பேசுவது. ஒவ்வொரு முறையும் பழைய தாளை எடுத்து, எது சேர்ந்தது, எது விடுபட்டது, கேள்வி கேட்டவர் எதைக் கேட்கவே இல்லை என்று வேறு நிற மையில் குறிக்கட்டும். விசாரணையில் கேள்விகள் அதிகாரி செய்ததை விட்டுவிட்டுக் கலீல் எப்படிப்பட்டவன் என்ற பக்கம் சாய்வதைப் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிப்பார்கள். நாம் சொல்லித் தரக் கூடாது.

ஒரு எச்சரிக்கை. ஸ்டாரின் 12ஆம் வயதில் பெற்றோர் அவளிடம் போலீஸ் நிறுத்தினால் என்ன செய்வது என்று சொல்லித் தருகிறார்கள்: கை தெரியும்படி வை, சட்டென்று அசையாதே, கேட்டால் மட்டும் பேசு. இதையும் 2ஆம் அத்தியாயத்தையும் பக்கத்தில் வைத்ததும் ஒரு பிள்ளையாவது, ‘கலீல் விதியை மீறினான், அதனால் செத்தான்’ என்று எழுதும். அதைத் தப்பென்று தள்ளாமல் அத்தியாயத்தின் கடைசிப் பக்கத்துக்கே திருப்பி அனுப்புங்கள். கலீல் சுடப்படும் வரை ஸ்டார் எல்லா விதியையும் கடைப்பிடித்தாள். அவள் மேலும் துப்பாக்கி நீட்டப்பட்டது.

தர்சினி (ரொறன்ரோ):
செந்தில் அண்ணா சொன்ன தாள் முறை நல்லா வேலை செய்யும். அதோட ஒரு வரைபடமும் கீறச் சொல்லுங்கோ. ஒரு பக்கம் ஸ்டார் இருக்கிற கறுப்பினப் பகுதி கார்டன் ஹைட்ஸ், மற்றப் பக்கம் அவள் படிக்கிற, வெள்ளைக்காரப் பிள்ளையள் கூடின வில்லியம்சன் பள்ளிக்கூடம், நடுவில கார்லோஸ் மாமாவின்ர வீடு. ஒவ்வொரு அத்தியாயமும் எங்க நடக்குது எண்டு பிள்ளையள் குறிச்சுக்கொண்டு வரட்டும். ஸ்டார் எந்த இடத்தில எப்பிடிக் கதைக்கிறாள், எதை வாய்க்குள்ளேயே விழுங்குறாள் எண்டது அதில வடிவாத் தெரியும். வில்லியம்சனில அவள் ஒரு கொச்சைச் சொல்லும் பாவிக்க மாட்டாள், கோவத்தையும் காட்ட மாட்டாள். நாவலின்ர ஆகப் பெரிய வேலை அந்த இரண்டு ஸ்டாரையும் ஒண்டாக்கிறதுதான். ஒலிபெருக்கிக் கட்டத்தையும் அதுக்காகத்தான் படிக்க வேணும்.

மொழி விஷயத்தில ரெண்டு பிழை வழக்கமா நடக்கும். கார்டன் ஹைட்ஸில ஆக்கள் கதைக்கிற ஆங்கிலத்தைப் பிள்ளையள் ‘பிழையான இலக்கணம்’ எண்டு எழுதிப்போடுவினம். அது கறுப்பின அமெரிக்க ஆங்கிலம். அதுக்கெண்டு சொந்த இலக்கணம் இருக்கு. வழமையா நடக்கிறதைச் சொல்ல ஒரு வினைவடிவம், இப்ப நடக்கிறதைச் சொல்ல இன்னொண்டு. அரை மணித்தியாலம் ஒதுக்கி, பத்து வாக்கியத்தை நாவலில இருந்தே எடுத்து, விதி என்னெண்டு அவையளையே கண்டுபிடிக்க விடுங்கோ. மற்றது, கறுப்பின மக்களை இழிவுபடுத்துற அந்தச் சொல். நாவலில அது வரும். ஆனா வகுப்பில ஒருத்தரும் சத்தமா வாசிக்கக் கூடாது. மேற்கோளில எழுதேக்க முதலெழுத்தும் கோடும் போதும். இதை முதல் நாளே சொல்லி எழுதி ஒட்டிவிடுங்கோ. அந்தச் சொல் வந்த பிறகு சொன்னால் ஆரோ ஒரு பிள்ளையைக் குற்றம் சொல்ற மாதிரிப் போயிடும். வகுப்பில கறுப்பினப் பிள்ளை இருந்தால், ‘நீ என்ன நினைக்கிறாய்’ எண்டு அந்தப் பிள்ளையைப் பாத்துக் கேக்கவே வேண்டாம். தானாக் கதைச்சால் கேளுங்கோ.

தமிழ்ப் பிள்ளையளோட வாசிக்கிறீங்கள் எண்டபடியால் இன்னொண்டு. மாயாவை விடாதேங்கோ. ஸ்டாரின்ர ஆசிய வம்சாவளிச் சிநேகிதி. ஹெய்லி எண்ட வெள்ளைக்காரப் பிள்ளை ஸ்டாருக்குச் சொன்ன பொரிச்ச கோழிப் பகிடியும், மாயாவின்ர குடும்பம் பூனை சாப்பிட்டதோ எண்டு கேட்ட பகிடியும் ஒரே கையால வந்தது. மாயா அதுக்குச் சிரிச்சு ஒத்துப்போனவள், பிறகுதான் வாய் திறக்கிறாள். எங்கட பிள்ளையள் பள்ளிக்கூடத்தில கனக்க நேரம் நிக்கிறது ஸ்டாரின்ர இடத்திலயும் இல்லை, ஹெய்லியின்ர இடத்திலயும் இல்லை, மாயாவின்ர இடத்தில. ‘மாயா எப்ப பேசியிருக்கலாம், ஏன் பேசேல்லை’ எண்ட கேள்விக்கு ஒரு அமர்வு முழுக்கக் குடுக்கலாம்.

வழக்குரை:
கிராண்ட் ஜூரி பற்றி. நம் ஆட்கள் திரைப்படத்தில் பார்த்த நீதிமன்றத்தை மனதில் வைத்துக்கொண்டு இந்த அத்தியாயத்தைப் படிக்கிறார்கள். அதனால் அதிகாரி மேல் குற்றச்சாட்டு இல்லை என்ற முடிவு ஏன் வந்தது என்பது புரியாமல், ‘நீதிபதி ஏமாற்றிவிட்டார்’ என்று எழுதுகிறார்கள். அங்கே தீர்ப்புச் சொல்லும் நீதிபதியே கிடையாது.

கிராண்ட் ஜூரி ஒருவர் குற்றவாளியா இல்லையா என்று முடிவு செய்வதில்லை. வழக்குத் தொடர முகாந்திரம் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறது. கூட்டாட்சி அளவில் 16 முதல் 23 பேர் உட்காருவார்கள், குற்றம் சாட்ட 12 பேர் ஒப்ப வேண்டும். மாநிலத்துக்கு மாநிலம் எண்ணிக்கை மாறும். மிசூரியில் 12 பேர், அதில் 9 பேர் ஒப்பினால் போதும். சாட்சியை யார் அழைப்பது, என்ன கேட்பது, எதைக் காட்டுவது எல்லாமே அரசு வழக்கறிஞர் கையில். குற்றம் சாட்டப்படுபவரின் வழக்கறிஞர் எழுந்து குறுக்கு விசாரணை செய்ய மாட்டார். நடப்பது ரகசியம். சாட்சிக்கு வழக்கறிஞர் இருந்தாலும் பெரும்பாலும் அவர் அறைக்கு வெளியேதான் நிற்க வேண்டும்.

சாதாரண வழக்கில் முகாந்திரம் என்ற அளவுகோல் மிகத் தாழ்வானது. எளிதில் குற்றச்சாட்டு வந்துவிடும். காவல் அதிகாரி சுட்ட வழக்கில் மட்டும் ஏன் அடிக்கடி வருவதில்லை? மாணவர்களை இந்தக் கேள்வியோடு உட்கார வையுங்கள். ஒரு காரணம், அதே அரசு வழக்கறிஞர் மற்ற நாள்களில் தன் வழக்குகளுக்கு அதே காவல் துறையின் சாட்சியத்தை நம்பியிருக்கிறார். இன்னொன்று சட்ட அளவுகோல். 1985இல் டென்னசி எதிர் கார்னர் வழக்கில், தப்பி ஓடுகிறார் என்பதற்காக மட்டும் ஒருவரைச் சுடக் கூடாது, அவரால் கடும் ஆபத்து உண்டு என்று நம்பக் காரணம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 1989இல் கிரஹாம் எதிர் கானர் வழக்கில் அளவுகோல் இன்னும் தெளிவானது. அந்த இடத்தில் இருக்கும் ஒரு நியாயமான அதிகாரியின் கண்ணில் அந்தப் பலப்பிரயோகம் நியாயமாகத் தெரிந்திருக்குமா, பின்னால் தெரிந்துகொண்டதை வைத்துப் பார்க்கக் கூடாது. (கிரஹாம் வழக்கின் தொடக்கத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்: நீரிழிவு உள்ள ஒருவர் ஆரஞ்சு ஜூஸ் வாங்கக் கடைக்குள் போய், வரிசை நீளம் என்று உடனே வெளியே வந்தார். அந்த அவசரத்தைப் பார்த்த அதிகாரிக்குச் சந்தேகம் வந்தது.) இரண்டும் உரிமையியல் வழக்குகள். குற்றவியல் சட்டம் மாநிலங்களுடையது. ஆனாலும் ‘நியாயமான அதிகாரி’ என்ற கண்ணாடி எல்லா இடத்திலும் பரவியிருக்கிறது.

இப்போது நாவலுக்கு வாருங்கள். அதிகாரி துப்பாக்கி என்று நினைத்தது, கார்க் கதவில் இருந்த ஒரு தலைவாரும் பிரஷ்ஷை. சட்டம் கேட்பது ‘அது துப்பாக்கியா’ என்பதை அல்ல, ‘துப்பாக்கி என்று நம்பியது நியாயமா’ என்பதை. அந்த நம்பிக்கைக்குக் கலீலின் நிறம் எவ்வளவு எடை சேர்த்தது என்பதைச் சட்டம் நேராகக் கேட்பதே இல்லை. நாவல் கேட்கிறது. நல்ல கட்டுரை இந்த இடைவெளியிலிருந்துதான் வரும்.

கயல்விழி:
மிக்க நன்றி, மூவருக்கும். ஒரு சந்தேகம். சுட்டது சரியா தப்பா என்று இரண்டு அணியாகப் பிரித்து விவாதம் வைக்கலாமா? பிள்ளைகளுக்குப் பட்டிமன்றம் பிடிக்கும்.

செந்தில்நாதன்:
வேண்டாம், கயல். அந்தத் தலைப்பில் ஒரு அணி வெல்ல வேண்டுமானால் கலீலின் உயிர் அதற்குத் தகுதியா என்று வாதாட வேண்டியிருக்கும். அப்படி ஒரு வேலையை எந்தப் பிள்ளைக்கும் கொடுக்கக் கூடாது. பத்தே நிமிடத்தில் பேச்சு ‘அவன் போதைப்பொருள் விற்றானே’ என்று போய்விடும். நாவலில் தொலைக்காட்சி செய்வதும் அதையேதான். அவன் தாய் பிரெண்டாவின் கடனைப் போதைப்பொருள் கூட்டத் தலைவன் கிங்கிடம் அடைக்கத்தான் விற்றான், அவனுடைய கிங் லார்ட்ஸ் கூட்டத்தில் சேர மறுத்தான் என்பது பின்னால்தான் தெரியவரும். இறுதிச் சடங்கில் கிங் சவத்தின் மேல் வைக்கும், கூட்டத்தின் அடையாளமான சாம்பல் நிறத் துணி அதனால்தான் ஸ்டாரைக் குழப்புகிறது. அந்தத் தகவலை நாவலாசிரியர் ஏன் தள்ளி வைத்தார் என்று கேளுங்கள். அது வாசகரையே சோதிக்கும் ஏற்பாடு.

பாரி:
செந்தில் சாருடன் எனக்குக் கொஞ்சம் முரண்பாடு. அந்தத் தலைப்பு தப்பு என்பது சரி. ஆனால் எல்லா விவாதத்தையும் மூடிவிட்டால் பிள்ளைகள் நமக்குப் பிடித்த பதிலை ஒப்பித்துவிட்டுப் போவார்கள். உள்ளுக்குள் என்ன நினைக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது. அவர்களில் சிலர் வீட்டில் ‘போலீஸ் சும்மாவா சுடும்’ என்று கேட்டு வளர்ந்தவர்கள். அந்த எண்ணத்தையும் மேசை மேல் வைக்க ஒரு வழி வேண்டும்.

நாவலே அதற்கு வழி வைத்திருக்கிறது. கார்லோஸ் காவல் துறையில் துப்பறிவாளர். சுட்டவனும் அதே துறை. ஸ்டாரின் தந்தை மேவரிக் மூன்று வருடம் சிறையில் இருந்தபோது அவளுக்குத் தந்தையாக நின்றதும் கார்லோஸ்தான். அவர் முதலில் சக அதிகாரியைத் தாங்கிப் பேசுவதும், பின் மாறுவதும், அவனை அடித்துப் பணியிலிருந்து ஒதுக்கி வைக்கப்படுவதும் ஒரு தனிக் கதை. கார்லோஸ் எந்தெந்த இடத்தில் என்ன நினைக்கிறார் என்று நான்கு கட்டமாகப் பிரித்துப் பேசச் சொல்லுங்கள். காவல் துறைக்காரர் வீட்டுப் பிள்ளை இருந்தாலும் அது பேச இடம் கிடைக்கும்.

வழக்குரை:
பாரி சொல்வது நடக்கக்கூடியது. விவாதத்துக்குத் தலைப்பு வேண்டுமென்றால் இதை எடுங்கள்: ‘ஸ்டாரின் பெயரை ரகசியமாக வைத்தது சரியா?’ அவளுக்கு ஆபத்து இரண்டு பக்கமும் இருக்கிறது. போலீஸ் ஒரு பக்கம், கிங் மறு பக்கம். இரண்டு அணிக்கும் நாவலில் சான்று உண்டு. யாருடைய உயிரையும் எடை போட வேண்டியதில்லை. வழக்கறிஞர் ஏப்ரல் ஓஃப்ரா என்ன சொல்கிறார், தாய் லீசா என்ன அஞ்சுகிறார், பத்து வயதில் கண் முன்னே சுடப்பட்ட தோழி நட்டாஷாவின் நினைவு ஸ்டாரை எப்படிக் கட்டிப்போடுகிறது, எல்லாம் உள்ளே வந்துவிடும். நட்டாஷாவைச் சுட்டது போலீஸ் அல்ல என்பதையும் பிள்ளைகள் கவனிக்க வேண்டும். அந்தத் தெருவில் வாய் திறப்பதற்கு எதிரான பயம் இரண்டு திசையிலிருந்தும் வருகிறது.

செந்தில்நாதன்:
இதை ஏற்கிறேன். பாரியின் கார்லோஸ் யோசனையையும் சேர்த்துக்கொள்ளலாம், கிராண்ட் ஜூரிக்கு முந்தைய அமர்வில்.

நிலா_எம்ஏ:
வணக்கம். எம்.ஏ. ஆங்கில இலக்கியம், மதுரை. எனக்கு வேறு கேள்வி. நாவல் முடிவில் ஸ்டார் ஒரு பெயர்ப் பட்டியல் சொல்கிறாளே, அதை வரலாற்றோடு இணைத்து ஒரு கட்டுரை எழுதுகிறேன். எங்கிருந்து தொடங்குவது?

வழக்குரை:
பட்டியலில் முதல் பெயர்கள்தான் வருகின்றன. ஆஸ்கர், அயானா, ட்ரேவான், ரெக்கியா, மைக்கேல், எரிக், தாமிர், ஜான், எஸெல், சான்ட்ரா, ஃப்ரெடி, ஆல்டன், ஃபிலாண்டோ. பிறகு 1955இன் எம்மெட். முதலில் ஒவ்வொருவருக்கும் முழுப் பெயர், ஊர், தேதி, வயது, சட்டத்தில் என்ன முடிவு என்று அட்டவணை போடுங்கள். எல்லாரையும் ‘போலீஸ் சுட்டுக் கொன்றது’ என்று ஒரே வாக்கியத்தில் அடைத்துவிடாதீர்கள். தேர்வாளர் முதலில் பிடிப்பது அதைத்தான்.

ட்ரேவான் மார்ட்டினை 2012 பிப்ரவரியில் ஃப்ளோரிடாவில் சுட்டவர் காவலர் அல்ல, குடியிருப்புக் கண்காணிப்பில் இருந்த தனி நபர். 2013 ஜூலையில் அவர் விடுதலையானதும்தான் ‘பிளாக் லைவ்ஸ் மேட்டர்’ இயக்கம் தொடங்கியது. எம்மெட் டில்லை, 14 வயது, மிசிசிப்பியில் கடத்திக் கொன்றவர்களும் காவலர்கள் அல்ல. வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி அவர்களை விடுவித்தது. டில்லின் சிதைந்த முகத்தை அவன் தாய் திறந்த சவப்பெட்டியில் உலகுக்குக் காட்டினார். நாவலில் ஸ்டார் அந்தப் படத்தைத் தன் வலைப்பக்கத்தில் போட்டதற்காக ஹெய்லி அவளைப் பின்தொடர்வதை நிறுத்துகிறாள். பட்டியலும் அந்தச் சண்டையும் ஒரே நூலில் கோத்தவை. கட்டுரையில் இந்த இணைப்பைக் காட்டினாலே பாதி வேலை முடிந்தது.

கிராண்ட் ஜூரி மறுத்தவை: 2014 ஆகஸ்டில் ஒஹாயோவில் கடைக்குள் சுடப்பட்ட ஜான் கிராஃபோர்ட், அதே மாதம் ஃபெர்குசனில் மைக்கேல் பிரவுன், நியூயார்க்கில் கழுத்து நெரிக்கப்பட்ட எரிக் கார்னர், கிளீவ்லாந்தில் பொம்மைத் துப்பாக்கியோடு இருந்த 12 வயது தாமிர் ரைஸ். நாவலின் முடிவு இவற்றை ஒட்டித்தான் இருக்கிறது. ஆனால் ஆஸ்கர் கிராண்ட் வழக்கு அப்படியல்ல. 2009 ஜனவரி 1 அதிகாலையில் ஓக்லாந்து ரயில் நிலையத்தில் அவர் சுடப்பட்டார். பல பயணிகள் அலைபேசியில் படம் பிடித்தார்கள். அதிகாரி விசாரணைக்கு வந்து, 2010இல் கொலை நோக்கமில்லா மரண வழக்கில் தண்டனை பெற்றார். ஆஞ்ஜி தாமஸ் இந்த நாவலின் விதையை மிசிசிப்பியில் கல்லூரி மாணவியாக இருந்தபோது ஒரு சிறுகதையாக எழுதியது இந்தக் கொலைக்குப் பிறகுதான். நூல் வந்தது 2017 பிப்ரவரி. இடையில் ஃபெர்குசன் வந்துவிட்டது. ஒரு வழக்கில் தொடங்கி இன்னொரு வழக்கின் முடிவோடு நாவல் முடிகிறது. உங்கள் ஆய்வுக்கு இதைவிட நல்ல வாசல் இருக்காது.

ஃபிலாண்டோ காஸ்டிலைப் பற்றி ஒரு வரி. 2016 ஜூலை 6, மினசோட்டா. காரில் நிறுத்தப்பட்டார், தன்னிடம் துப்பாக்கி இருப்பதைத் தானே முன்கூட்டிச் சொன்னார், சுடப்பட்டார். அதிகாரி 2017இல் விடுதலை. மேலே ‘விதியை மீறினான்’ என்று பேசினோமே, அந்த வாதத்தை இவருடைய வழக்கோடு சேர்த்துப் படியுங்கள்.

நிலா_எம்ஏ:
நன்றி சார். சாத்தான்குளத்தோடு ஒப்பிடலாமா? வழிகாட்டி கேட்கிறார்.

வழக்குரை:
ஒப்பிடலாம், ஆனால் ‘இரண்டும் ஒன்றே’ என்று எழுதக் கூடாது. சாத்தான்குளம் 2020 ஜூனில் நடந்தது. ஊரடங்கில் கடை திறந்திருந்தது தொடர்பாகத் தந்தையும் மகனும் பிடிக்கப்பட்டுக் காவலில் அடித்து நொறுக்கப்பட்டு இறந்தார்கள். அது காவல் மரணம், நாவலில் இருப்பது சாலை நிறுத்தச் சூடு. அமெரிக்காவில் அடிமை முறையிலிருந்து வரும் நிறவெறி வரலாறு இங்கே கிடையாது. இங்கே உள்ளது வேறு வரலாறு. நேராக ஒட்டினால் இரண்டும் கெடும். ஒப்பிடத்தக்க ஓர் இடம் உண்டு: சாட்சி. சாத்தான்குளத்தில் அந்த நிலையத்திலேயே பணியில் இருந்த பெண் தலைமைக் காவலர் ஒருவர் நீதித்துறை நடுவரிடம் வாக்குமூலம் கொடுத்தார். தன்னைச் சூழ்ந்திருப்பவர்களுக்கு எதிராக ஒருத்தி வாய் திறக்க என்னென்ன பாதுகாப்பு வேண்டும், எந்த நடைமுறை அதைத் தருகிறது என்ற கேள்வியில் மட்டும் நின்று எழுதுங்கள். அதுவும் ஒரு பகுதியாக, முழுக் கட்டுரையாக அல்ல.

தர்சினி (ரொறன்ரோ):
கயல் அக்காவின்ர கட்டுரைக் கேள்விக்கு இன்னும் ஒருத்தரும் வடிவாச் சொல்லேல்லை. தலைப்பைக் குறுக்கிக் குடுங்கோ. ‘இந்நாவலில் இனவெறி’ எண்டு குடுத்தால் கதைச்சுருக்கம்தான் வரும். ‘ஸ்டார் நடந்ததைச் சொல்ற இரண்டு இடங்களை எடுத்து, கேக்கிற ஆள் மாறேக்க அவளின்ர சொல் எப்பிடி மாறுது எண்டு காட்டு’ எண்டு குடுங்கோ. 800 சொல் போதும். மேற்கோள் நாலு, ஒவ்வொண்டும் ஒண்டரை வரிக்குள்ள. மேற்கோளுக்குப் பிறகு குறைஞ்சது மூண்டு வாக்கியம் பிள்ளையின்ர சொந்த விளக்கம் வேணும். பக்க எண் பதிப்புக்குப் பதிப்பு மாறும். அத்தியாய எண்ணையும் சேத்து எழுதச் சொல்லுங்கோ.

படம் பாத்துட்டு எழுதுற பிள்ளையைப் பிடிக்கிறது சுகம். 2018 படத்தில டெவான்டே எண்ட பாத்திரமே இல்லை. முடிவில சின்னத் தம்பி செக்கானி துவக்கைத் தூக்கிறது படத்தில மட்டும். கார்லோஸ் காரில நிப்பாட்டேக்க தான் எப்பிடி யோசிப்பன் எண்டு ஸ்டாருக்கு விளங்கப்படுத்துற கட்டமும் படத்தின்ரதான். இந்த மூண்டில ஒண்டு கட்டுரையில வந்தால் புத்தகத்துக்குத் திருப்பி அனுப்புங்கோ. படத்தைத் தடை செய்ய வேண்டாம், ஆறாம் வாரத்தில கடைசிக் காட்சியைப் போட்டு, ஏன் மாத்தினவை எண்டு கேளுங்கோ. நாவலின்ர தலைப்பு ராப் பாடகர் டூபாக் ஷக்கூர் சொன்ன விளக்கத்தில இருந்து வந்தது: சின்னப் பிள்ளைகளுக்கு ஊட்டுற வெறுப்பு எல்லாரையும் அழிக்கும். படம் அந்தக் கருத்தைச் செக்கானியின்ர கையில குடுத்துக் கண் முன்னால காட்டுது. நாவல் அதை அக்கம்பக்கத்து ஆக்கள் கிங்கைப் பொலிசுக்குக் காட்டிக்குடுக்கிற கட்டத்தில வைக்குது, பயத்தில வாய் மூடியிருந்த தெரு முழுக்க வாய் திறக்கிற இடம் அது. எனக்கு நாவலின்ர முடிவுதான் பெரிசு.

பாரி:
மேவரிக் பற்றி யாரும் சொல்லவில்லை. பிள்ளைகளுக்கு ‘பிளாக் பேந்தர்’ கட்சியின் பத்து அம்சத் திட்டத்தை ஒப்பிக்கச் சொல்லித் தருபவர். 1966 அக்டோபரில் ஓக்லாந்தில் ஹியூயி நியூட்டனும் பாபி சீலும் எழுதியது. அந்தப் பத்தையும் ஒரு தாளில் அச்சிட்டுக் கொடுங்கள். 7ஆவது அம்சம் காவல் வன்முறையையும் கறுப்பர் கொலையையும் உடனே நிறுத்தக் கேட்பது. மற்றவற்றில் வீடு, வேலை, கல்வி, ஜூரி எல்லாம் வரும். நாவலின் எந்த நிகழ்ச்சி எந்த அம்சத்தோடு ஒட்டுகிறது என்று பிள்ளைகள் கோடு இழுக்கட்டும். கலீல் ஏன் விற்கப் போனான் என்பதற்கு வேலை, வீடு இரண்டும் பதில் சொல்லும். கடன், போதைப்பொருள், கூட்டம் எல்லாம் துப்பாக்கிச் சூட்டுக்கு வெளியே இருக்கும் தனிச் செய்திகள் என்ற எண்ணம் அதில் உடையும்.

கயல்விழி:
கடைசியாக ஒன்று. இரண்டு பெற்றோர் ஏற்கெனவே தயங்குகிறார்கள். வசைச் சொல், போதைப்பொருள், போலீசுக்கு எதிரானது என்கிறார்கள். என்ன செய்யலாம்?

செந்தில்நாதன்:
தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பே ஒரு பக்கக் கடிதம் அனுப்புங்கள். நூலில் வசைச் சொல், துப்பாக்கிச் சூடு, போதைப்பொருள், பதின்ம வயதினரின் உடல் நெருக்கம் பற்றிய பேச்சு எல்லாம் இருக்கிறது என்று நீங்களே சொல்லிவிடுங்கள். மறைத்தால்தான் கோபம் வரும். ஏன் இந்த நூல் என்று மூன்று வரி: 2018இல் இளையோர் நூல்களுக்கான வில்லியம் சி. மாரிஸ் விருது பெற்றது, பிரின்ட்ஸ் விருதில் சிறப்பு நூலானது, பல பள்ளிகளில் பாடமாக இருக்கிறது. எதிர்ப்பும் உண்டு என்பதையும் சொல்லுங்கள். 2018இல் தென் கரோலினாவில் ஒரு பள்ளியின் கோடை வாசிப்புப் பட்டியலில் இந்த நூல் இருந்ததைக் காவலர் அமைப்பொன்று எதிர்த்தது. அமெரிக்க நூலகச் சங்கத்தின் அதிகம் எதிர்க்கப்பட்ட நூல்கள் பட்டியலில் பல ஆண்டு இடம்பெற்றிருக்கிறது.

போலீசுக்கு எதிரானது என்று சொல்பவரிடம் வாதிடாதீர்கள். கார்லோஸ் வரும் அத்தியாயங்களைக் குறித்துக் கொடுத்து, வாசித்துவிட்டு வந்து பேசச் சொல்லுங்கள். அப்படியும் ஒப்பாத வீட்டுப் பிள்ளைக்கு வேறு நூல் கொடுங்கள், அதே ‘சாட்சி’ என்ற கேள்வியோடு. அந்தப் பிள்ளையைத் தனி அறைக்கு அனுப்பாதீர்கள். கிராண்ட் ஜூரி பற்றிய அமர்வும் பத்து அம்சத் தாளும் நாவல் வாசிக்காமலே புரியும், அவற்றில் சேர்ந்து உட்காரட்டும்.

இரண்டாம் வாரத்துக்குள் எல்லாரும் 2ஆம் அத்தியாயத் தாளை முடித்திருக்கிறார்களா என்று பாருங்கள். முடிக்காத பிள்ளைக்கு மூன்றாம் வாரத்திலிருந்து வரும் எந்த வேலையும் நடக்காது, ஏனென்றால் எல்லாமே அந்தத் தாளின் மேல்தான் கட்டப்படுகிறது.